விட்டு விலகும் உரிமை

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் செஞ்சிக் கோட்டை, மராட்டிய மாநிலத்தின் பதினொரு கோட்டைகளோடு சேர்த்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 2006-இல், மொரீசியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் உள்ள ஒரு சிறு இறங்குதுறையும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'ஆப்ரவாசி காட்' என்பது அதன் இன்றைய பெயர். முன்னாளில் அதனைக் 'கூலி காட்' என்றே அழைத்தனர். அங்கே கோட்டையில்லை, கொத்தளமில்லை. சில கற்படிகளும், பழைய கட்டடங்களின் எஞ்சிய பகுதிகளுமே உண்டு. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் அப்படிகளில் ஏறினர். அவர்களுள் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றோர் பல்லாயிரவர்.

கோட்டையின் வரலாறு அதனை ஆண்டவர்களின் வரலாறாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. நாயக்கர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சியாளர்களின் பெயர்களை நம் பிள்ளைகள் வரிசை பிறழாமல் ஒப்பிப்பார்கள். அந்தக் கற்படிகளோ வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. அது கூலிக்கு அமர்த்தப்பட்டோரின் வரலாறு. அவர்களை அமர்த்தியோருக்கென எழுதப்பட்ட சட்டங்களின் வரலாறுமாகும். ஓர் அயல்நாட்டவரை வேலைக்கு அமர்த்தும் முதலாளி எவற்றுக்குக் கட்டுப்பட்டவர்? இக்கேள்விக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் அரசுகள் பல விடைகளை எழுதிப் பார்த்தன. அவ்விடைகளால் மிகுதியும் துன்புற்றோருள் நம் தென்னார்க்காட்டு மக்களும் இருந்தனர் என்பதால், அவற்றை நாம் ஊன்றிப் படிப்பது தகும்.

எல்லை தாண்டிய வயல்

1750-இல் தளபதி புஸ்ஸி கைப்பற்றியது முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பின்னர் அவர்களது ஆட்சி புதுவை, காரைக்கால் முதலிய சிறு நிலப்பகுதிகளுக்குள் ஒடுங்கியது. புதுவையைச் சூழ்ந்த தென்னார்க்காடு ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. இரு நாடுகளின் ஊர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு வயல் வரப்பைத் தாண்டினால் வேறோர் அரசின் சட்டம். ஆட்களைத் திரட்டும் மேஸ்திரிகளுக்கு இவ்வமைப்பு மிகவும் வாய்ப்பாக அமைந்தது. ஆங்கிலேயர் குடிமகனான ஓர் உழவுத் தொழிலாளியைப் பேசி அழைத்துவந்து, பிரெஞ்சு மண்ணில் கைந்நாட்டு வாங்கிக் கப்பலேற்றினால், எந்த அரசும் எளிதில் கேள்வி கேட்க இயலாது.

இவ்வளவு ஆட்கள் தேவைப்பட்டது ஏன்? பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமைகள் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. விடுதலை பெற்றோர் பழைய முதலாளியின் கீழ் மீண்டும் குனிய விரும்பவில்லை. ஆகவே தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின்மேல் விழுந்தது. 1853 மே மாதம் 'ஓரேலி' என்னும் கப்பல் புதுவை, காரைக்கால் பகுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை மார்த்தினிக் தீவில் இறக்கியது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பஞ்ச காலங்களில், சிறப்பாக 1876-78-ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில், துறைமுகங்களை நோக்கி நடந்தோரின் தொகை பெருகியது.

ஏட்டில் இருந்த நீதி

அன்றைய அரசுகள் இதனைச் சட்டமின்றி விட்டுவிட்டன என்று எண்ணுதல் பிழை. 1837-இலேயே இந்திய அரசு சட்டம் இயற்றியது. கடல் கடந்து செல்லும் தொழிலாளி ஓர் அரசு அலுவலர் முன் நேரில் தோன்ற வேண்டும். ஒப்பந்த நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. முறைகேடுகள் வெளிப்பட்டபோது 1839-இல் இக்குடிபெயர்வு சட்டத்தால் தடுக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் விடவில்லை. 1842-இல் மொரீசியசுக்கு வழி மீண்டும் திறந்தது. துறைமுகங்களில் 'குடிபெயர்வோர் காப்பாளர்' என்ற பதவி பின்னர் உருவாயிற்று.

நம் பகுதிக்கு நேராகத் தொடர்புடையது, 1861 ஜூலை முதல் நாளன்று இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையாகும். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகளை மீறலாகாது. வாரத்தில் ஆறு நாள்களுக்கு மேலும், நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. கணவனை மனைவியிடமிருந்தும், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் பிரித்து வேறு தோட்டங்களுக்கு அனுப்பலாகாது. காலம் முடிந்தபின் தாயகம் திரும்பும் உரிமையும் அதற்கான பயணச் செலவும் உண்டு. பிரெஞ்சுத் துறைமுகங்களில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதி ஒருவர் இருந்து மேற்பார்வையிடுவார்.

இந்நிபந்தனைகளைப் படிக்கும் எவரும் வியப்புறுவர். அக்காலத்து நம் பண்ணையாள்களுக்கு இவற்றுள் எது கிடைத்தது? ஆயினும் ஒப்பந்தக் கூலி முறையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர், 1974-இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'புதிய அடிமை முறை' என்றே பெயரிட்டார். இவ்வளவு நல்ல விதிகளைக் கொண்ட முறைக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது எப்படி?

விடை எளியது. தொழிலாளிக்கு எவையெல்லாம் கொடுக்கப்பட வேண்டும் என்று சட்டம் விரிவாகச் சொன்னது. முதலாளி அவற்றைக் கொடாதபோது தொழிலாளி அவரை விட்டு விலகலாம் என்று மட்டும் அது சொல்லவில்லை. முதலாளி கூலியைப் பிடித்துவைத்தால், அது வழக்காடித் தீர்க்க வேண்டிய கணக்குச் சிக்கல். தொழிலாளி தோட்டத்தை விட்டு வெளியேறினால், அது சிறைக்குரிய குற்றம். ஒரே ஒப்பந்தம், அதனை மீறுவோர் இருவருக்கும் இரு வேறு நீதிகள். இந்தியாவுக்குள்ளேயே 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் முன்பணம் பெற்ற வேலையாள் பணியை முடிக்காவிட்டால் அவரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. அச்சட்டத்தை நீக்குவதற்கு 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாலசுந்தரத்தின் பற்கள்

இவ்வேறுபாட்டின் பொருளை உலகறியச் செய்தவர் ஒரு தமிழர். 1894-இல் டர்பன் நகரில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளின் அலுவலகத்திற்கு, வாயில் குருதி ஒழுக, முன்பற்கள் இரண்டு உடைந்த நிலையில், தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி ஒருவர் அழுதுகொண்டு வந்து நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தத் தொழிலாளி. அடித்தவர் அவருடைய முதலாளி.

காந்தியடிகள் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று பெற்றார். நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்கு அழைப்பாணை பிறந்தது. ஆயினும் முதலாளியைத் தண்டிப்பது காந்தியடிகளின் நோக்கமன்று. பாலசுந்தரம் அவரிடமிருந்து விடுபட வேண்டும் என்பதே நோக்கம். சாதாரண வேலையாள் சொல்லாமல் விலகினால் முதலாளி உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம்; ஒப்பந்தக் கூலி விலகினாலோ சிறை. விடுபட இரண்டே வழிகள் இருந்தன. காப்பாளர் ஒப்பந்தத்தை நீக்க வேண்டும், அல்லது வேறொருவருக்கு மாற்ற வேண்டும். இன்றேல் முதலாளியே மனமிரங்கி விடுவிக்க வேண்டும். இறுதியில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறொரு வெள்ளையருக்கு மாற்றப்பட்டது. பல் உடைந்த மனிதருக்கு அச்சட்டத்தின்கீழ்க் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய நன்மை, வேறொரு முதலாளியே!

ஒப்பந்தம் முடிந்தாலும் பிடி தளரவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து தாயகம் திரும்பாமலும், மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் வாழ விரும்பும் இந்தியர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்று நேட்டால் அரசு 1895-இல் சட்டம் இயற்றியது. முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி பெற்றவர்களுக்கு அது எத்தகைய சுமை! 1913-ஆம் ஆண்டின் மாபெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின், 1914-இல்தான் அவ்வரி நீங்கியது. மொரீசியசிலும் 1867-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒப்பந்தம் முடித்த பழைய தொழிலாளர்களும் நிழற்படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்றது. இல்லாதவர் 'நாடோடி' எனப் பிடிபட்டார். 1871-இல் 9,401 பேர் கையொப்பமிட்ட முறையீட்டை அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்பார் ஆளுநரிடம் அளித்தார். அரச விசாரணைக் குழு வந்தது. 1878-இல் புதிய தொழிலாளர் சட்டமும் வந்தது.

திரும்பி வந்தவர்களின் சாட்சியம்

இருள் சூழ்ந்த இவ்வரலாற்றில் ஒரு விதி மட்டும் தன் கடமையைச் செய்தது. அதுவே தாயகம் திரும்பும் உரிமை. நேட்டாலிலிருந்து 1871-இல் சென்னைக்குத் திரும்பியவர்கள் தாம் பட்ட அடியையும், பிடித்துவைக்கப்பட்ட கூலியையும் இங்குள்ள அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர். அதன் விளைவாக 1872-இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. தொழிலாளர்க்கெனக் காப்பாளர் ஒருவரும் அமர்த்தப்பட்டார். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தொழிலாளர் நிலையை ஆராய 1877-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இணைந்த குழு சென்றது. 1882-இல் இந்திய அரசு அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் 1888-இல் நிறுத்தியது.

இதில் நாம் கற்கும் பாடம் தெளிவானது. தொலைவில் அடைபட்டிருப்பவரின் துயரத்திற்கு நாவில்லை. அவர் வெளியேறி வந்தால்தான் அது நீதிமன்றத்தின் செவியை எட்டும். வெளியேறும் வழியை அடைப்பவர் ஒரு மனிதரை மட்டும் அடைக்கவில்லை, உண்மையையும் சேர்த்தே அடைக்கிறார்.

இலங்கையின் கதை சற்று வேறு. மலையகத் தோட்டங்களுக்குச் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1865-ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து அவர்கள் விலகலாம். ஏட்டளவில் அவர்கள் தன்னுரிமையாளர்கள். ஆயினும் பயணச் செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறின. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அடுத்த தோட்டத்தார் அக்கடனைக் கொடுத்து ஆளைப் பெற்றுக்கொள்வர். கடன் ஆளோடு சேர்ந்தே தோட்டம் மாறும். துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சிறைத் தண்டனையால் கட்டி வைக்கலாம். கடனாலும் கட்டி வைக்கலாம். கட்டப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றே.

1916-இல் மதன் மோகன் மாளவியா சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தை ஆட்சியாளர்கள் ஏற்றனர். 1917-இல் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் நின்றன. 1922-இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வது 1938-இலும், இலங்கைக்குச் செல்வது 1939-இலும் தடுக்கப்பட்டன. ஒரு காலம் முடிவுற்றது.

இன்றைய கடற்கரை

முடிவுற்றது காலம்தான், கேள்வி முடியவில்லை. இன்று நம் பங்குகளில் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு அரிது. வேலை ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு, "சாமி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்" என்று பங்கு இல்லத்திற்கு வருவோர் உண்டு. சம்பளம் எவ்வளவு என்பதே அவர்கள் முதலில் கேட்பது. அதனினும் முதலில் கேட்க வேண்டியது, 'வேலை பொருந்தாவிட்டால் விலக வழி உண்டா?' என்பதே.

வளைகுடா நாடுகளில் 'கஃபாலா' என்னும் பொறுப்பாளர் முறை நெடுங்காலம் வேரூன்றி நின்றது. தொழிலாளி அந்நாட்டில் தங்குவதற்கான உரிமை 'கஃபீல்' என்னும் முதலாளியோடு பிணைக்கப்படும். அவருடைய இசைவின்றி வேறு வேலைக்கு மாற இயலாது. சொல்லாமல் விலகினால் 'ஓடிப்போனவர்' என்ற குற்றப்பதிவு. பாலசுந்தரத்தின் கதை அரபு மொழியில் மீண்டும் எழுதப்பட்டதுபோல் இருக்கிறதன்றோ? கத்தார் அரசு 2020-இல், முதலாளியின் இசைவுச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. நூற்றாண்டு கடந்தும் சீர்திருத்தம் அதே இடத்தைத்தான் தொட வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவுபெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டலாம் என்று விதித்தது. முகவர் தம் சேவைக்கு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று அரசு வரையறுத்தது. நிலத்தையோ நகையையோ அடகு வைத்துப் பெருந்தொகை கொடுத்துச் செல்பவர், துண்டுச் சீட்டு இல்லாமலே துண்டு முறைக்குள் நுழைகிறார். கடவுச்சீட்டைக் குறித்தும் ஒன்று அறிதல் நலம். 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது எக்காலத்தும் இந்திய அரசின் உடைமை; எந்த முதலாளியின் பெட்டிக்கும் உரியதன்று.

நாம் முதலாளிகளாகும்போது

வாசக அன்பர்களே, இதுவரை சொன்னவற்றை நம்மவர் பட்ட துன்பமாக மட்டும் படித்து முடித்தால் பாதியையே படித்தவர்களாவோம். இன்று தமிழகத்தின் கட்டடப் பணிகளிலும் ஆலைகளிலும் உணவகங்களிலும் ஒடிசா, பீகார், வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். நேபாளத்திலிருந்து வந்த காவலரும் சமையற்காரரும் உள்ளனர். அவர்களை அமர்த்தியிருப்போருள் நாமும் இருக்கிறோம்.

நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்ன? பிற மாநிலத் தொழிலாளருக்கென 1979-இல் இயற்றப்பட்ட சட்டம், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை அமர்த்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது; ஒரே வேலைக்கு உள்ளூராருக்கு உள்ள கூலியே அவர்களுக்கும், பயணச் செலவு, தக்க உறைவிடம், மருத்துவ வசதி என்று விதித்தது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பதின்மரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள இடங்களுக்குப் பொருந்தும் இச்சட்டம், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தோரை மட்டுமின்றி, தாமாகவே வந்து வேலையில் அமர்ந்தோரையும் கணக்கில் கொள்கிறது.

ஒன்பது பேரை வைத்திருப்பவர் தப்பித்தோம் என்று எண்ண வேண்டா. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வெளியேறவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அயல்நாட்டவரை அமர்த்துவோர் வேறொன்றையும் அறிய வேண்டும். 1950-ஆம் ஆண்டின் இந்திய-நேபாள உடன்படிக்கையின் பயனாக நேபாள மக்கள் விசா இன்றி இங்கே வந்து தங்கி உழைக்கலாம். பிற நாட்டவருக்கு உரிய விசா தேவை. அவர்களை அமர்த்துமுன் ஆவணங்களைப் பார்த்தல் முதலாளியின் கடமை. ஆனால் பார்த்தல் வேறு, பறித்து வைத்தல் வேறு. 'ஓடிவிடுவான்' என்று அஞ்சி ஆதார் அட்டையையோ கடவுச்சீட்டையோ வாங்கிப் பூட்டுகிறவர், நேட்டால் தோட்டத்துரையின் சாவியையே கையில் வைத்திருக்கிறார். நம் மாவட்டத்தின் கீழ்ப்புத்துப்பட்டிலும் இலங்கை ஏதிலியர் முகாம் உண்டு. தம் ஆவணத்தின் குறையை எண்ணி அஞ்சும் ஏதிலியிடம் பாதிக் கூலிக்கு வேலை வாங்குவதும் இவ்வகையில் சேர்ந்ததே. கூலி செய்த வேலைக்கு உரியது. ஆவணத்தின் நிறைவுக்கும் குறைவுக்கும் ஏற்ப அளக்கப்படுவதன்று.

இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம், ஏழைக் கூலியாள் உன் இனத்தவராயினும் உன் நாட்டில் வாழும் அந்நியராயினும் அவருடைய கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுக்கப் பணிக்கிறது. இதனை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு முந்தைய அதிகாரத்தில் நாம் அடிக்கடி கேட்காத கட்டளையொன்று உள்ளது. தலைவரிடமிருந்து தப்பி வந்த அடிமையை மீண்டும் அவரிடம் ஒப்படைக்கலாகாது. அவர் தமக்கு விருப்பமான ஊரில் உன்னோடு வாழட்டும் என்பதே அது. பண்டைய உலகின் சட்டங்கள் பலவும் தப்பியோடியவரைப் பிடித்துத் தருமாறு பணித்தன. எகிப்திலிருந்து தாமே வெளியேறி வந்த ஒரு மக்களினம் மட்டும், வெளியேறுவோரைத் தடுக்கலாகாது என்று தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. கூலியைப் பற்றிய கட்டளையும் விலகுதலைப் பற்றிய கட்டளையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் நிற்பது பொருளற்றதன்று. ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைக்காது.

முதலாளிகள் இங்கே ஒன்று கேட்பர்: "பயணச் செலவு கொடுத்து அழைத்து வருகிறோம், மறுநாளே போய்விட்டால் எங்கள் நட்டத்துக்கு யார் பொறுப்பு?" கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வரலாறு தரும் விடை இது: கணக்குத் தகராறைக் கணக்காகவே தீர்த்துக்கொள்ள வேண்டும், மனிதரைப் பிணையாகப் பிடித்தல் ஆகாது. பூட்டி வைக்காத இடத்திலும் ஆட்கள் நிலைத்து வேலை செய்வதை நாம் காண்கிறோம். அங்கே சம்பளம் நாள் தவறுவதில்லை. உறைவிடம் மனிதர் வாழத் தக்கதாயிருக்கிறது. ஊருக்குப் போய் வர விடுப்பு உண்டு. போகலாம் என்ற உரிமை இருந்தும் இருப்பவரே உண்மையான வேலையாள். அவரை வைத்திருப்பவரே உண்மையான முதலாளி.

இம்மாதச் சம்பளத்தைக் கொடுக்கும்போது, ஆட்களை அமர்த்தியிருப்போர் தம் மேசை இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பிறருடைய அடையாள அட்டை ஏதேனும் அங்கே இருந்தால், சம்பளத்தோடு சேர்த்து அதனையும் உரியவர் கையில் கொடுத்துவிடட்டும்.